கடலுக்கு அடியில் ஒரு வீதி

காரியாபட்டியில் காலைக் காப்பியை முடித்துக்கொண்டு குடும்பத்தோடு மோட்டாரில் ஏறுகிறீர்கள். திருச்சுழி, பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம், பாம்பன் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னுக்கு ஓடுகின்றன. தனுஷ்கோடி வருகிறது. மணல் முடிந்து நீர் தொடங்கும் இடத்தில் வண்டி நிற்கவேண்டும் அல்லவா? நிற்கவில்லை! சாலை மெல்லச் சரிந்து பூமிக்குள் இறங்குகிறது. இரு பக்கமும் வெள்ளை ஓடு பதித்த சுவர், வரிசையாக விளக்குகள். தலைக்கு மேல் கடல். கடலுக்கு மேல் மீன்பிடி வள்ளங்கள். பின் ஸீட்டில் உட்கார்ந்திருக்கும் குழந்தை, “மீன் எங்கே அம்மா?” என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போகிறது. மறுபடி வெளிச்சம் வரும்போது சாலை ஓரத்துப் பலகையில் தமிழோடு சிங்கள எழுத்தும் தெரிகிறது. தலைமன்னார் வந்துவிட்டது. மத்தியானச் சாப்பாடு இலங்கையில்!

“இது என்ன, அடுத்த வாரத் தொடர்கதையா?” என்று நீங்கள் சிரிக்கலாம். சிரிப்பதில் தவறில்லை. தனுஷ்கோடிக் கடலில் இன்றுவரை அப்படி ஒரு சாலை கிடையாது. ஆனால் காலையில் ஒரு தேசத்தில் புறப்பட்டு, தண்ணீருக்கு அடியில் மோட்டாரில் போய், சில நிமிஷத்தில் இன்னொரு தேசத்தில் தலைகாட்டுவது 1930-ஆம் வருஷத்திலிருந்தே உலகில் நடந்து வருகிறது. அது எங்கே, எப்படி, அதில் நமக்கு என்ன பாடம் இருக்கிறது என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

பக்கத்து வீடு, வேறு தேசம்

அமெரிக்காவின் மோட்டார் நகரமான டெட்ராய்ட்டும், கனடாவின் விண்ட்ஸர் நகரமும் ஓர் ஆற்றின் இரு கரைகளில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கின்றன. கனடா என்றால் அமெரிக்காவுக்கு வடக்கே என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம்? இங்கே மட்டும் ஆறு செய்த விஷமத்தால், டெட்ராய்ட்காரர் கனடாவுக்குப் போகவேண்டுமானால் தெற்கே திரும்பவேண்டும்!

நடுவில் ஓடும் டெட்ராய்ட் ஆறு நம் குண்டாற்றைப் போல வருஷத்தில் பல மாதம் மணலாகக் கிடக்கிற ஆறு அல்ல. பெரிய சரக்குக் கப்பல்கள் போய் வரும் ஆறு. குளிர்காலத்தில் பனிக்கட்டி மிதக்கும். படகுத் துறையில் மணிக்கணக்காகக் காத்திருந்து அலுத்த ஜனங்களுக்கு 1929 நவம்பரில் அம்பாஸடர் பாலம் என்ற தொங்குபாலம் கிடைத்தது. அடுத்த வருஷமே, இரு நகரங்களின் கடைவீதிகளையும் நேராக இணைக்கும் சுரங்கச் சாலையும் முடிந்துவிட்டது. 1930 நவம்பர் 1-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ஹூவர், வாஷிங்டனில் இருந்தபடியே ஒரு சாவியைத் திருப்பினார். திறப்பு விழா நடந்தது. 3-ஆம் தேதியிலிருந்து மோட்டார்கள் ஓடத் தொடங்கின.

நீளம் 5,160 அடி, அதாவது ஒரு மைலுக்குச் சற்றுக் குறைவு. மிகவும் தாழ்ந்த இடத்தில் சாலை ஆற்றின் நீர்மட்டத்துக்கு 75 அடி கீழே போகிறது. போக ஒரு தடம், வர ஒரு தடம், அவ்வளவுதான். பாதி வழியில், சுவரில் இரு நாட்டுக் கொடிகளும் காட்சி தரும். அதுதான் எல்லைக்கோடு. முன் சக்கரம் கனடாவிலும் பின் சக்கரம் அமெரிக்காவிலும் இருக்கும் அந்த ஒரு விநாடியை எந்தக் குழந்தைதான் மறக்கும்?

சுரங்கம் திறந்த காலத்தில் அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்தது. நம் ராஜாஜி 1937-ல் சேலத்தில் கொண்டுவந்தாரே, அது போல. அமெரிக்காவில் 1920-லிருந்து 1933 வரை. ஆனால் எதிர்க்கரை விண்ட்ஸரில் அந்தச் சட்டம் இல்லை. அப்புறம் கேட்கவேண்டுமா? ஆற்றில் படகிலும், உறைந்த பனிக்கட்டியின் மேல் மோட்டாரிலும் புட்டிகள் கடத்தப்பட்ட காலம் அது. புதுச் சுரங்கத்தின் வாயிலில் சுங்க அதிகாரிகள் எவ்வளவு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்!

குடத்தை மிதக்கவிட்டு மூழ்கடித்த கதை

தண்ணீருக்கு அடியில் எப்படித் தோண்டினார்கள்? தண்ணீர் உள்ளே வந்துவிடாதா? இது எல்லாருக்கும் எழும் சந்தேகம்.

நம் ஊர்க் கிணறுகளில் பெண்பிள்ளைகள் நீச்சல் பழகும்போது முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொள்வது உண்டு. வாய் மூடிய வெற்றுக் குடத்தைப் பிடித்துக்கொண்டும் மிதக்கலாம். உள்ளே காற்று இருக்கும்வரை குடம் அமுங்காது. பாரம் ஏற்றினால் அடியில் போய் உட்காரும். டெட்ராய்ட் என்ஜினீயர்கள் செய்தது இதைத்தான். குடம் மட்டும் கொஞ்சம் பெரிது!

முதலில் ஆற்றின் அடிமண்ணில் கரைக்குக் கரை ஒரு பெரிய வாய்க்கால் வெட்டினார்கள். மோட்டார் போகும் அளவுக்கு அகலமான ஒன்பது எஃகுக் குழாய்களைக் கரையில் தயாரித்து, இரண்டு முனைகளையும் அடைத்து, கப்பலைப் போல் ஆற்றில் இறக்கினார்கள். அவை மிதந்தன. இழுத்துக்கொண்டு போய், சரியான இடத்துக்கு மேலே நிறுத்தி, கான்கிரீட் பாரம் ஏற்றி, மெல்ல மெல்ல வாய்க்காலுக்குள் அமுக்கினார்கள். நீரில் மூழ்கி வேலை செய்பவர்கள் கீழே போய் ஒன்றோடு ஒன்றைப் பொருத்தினார்கள். பிறகு மேலே மண்ணைப் போட்டு மூடியாயிற்று. உள்ளே இருந்த அடைப்புகளை எடுத்துவிட்டால், ஒன்பது குழாய்களும் சேர்ந்து ஒரே வீதி!

இந்த யுக்திக்கு அந்த ஆற்றிலேயே ஒரு முன்மாதிரி இருந்தது. 1910-லேயே மிச்சிகன் சென்ட்ரல் ரயில்வேக்காக, இதே மாதிரி குழாய்களை மூழ்கடித்து ரயில் சுரங்கம் ஒன்று அமைத்திருந்தார்கள்.

இரு கரைகளிலும், நிலத்துக்கு அடியில் வருகிற பகுதிகளில் வேறு வழி. அங்கே ‘கேடயம்’ என்று சொல்லும் பெரிய இரும்பு வளையத்தைக் களிமண்ணுக்குள் அழுத்தித் தள்ளிக்கொண்டே போய், அதன் பாதுகாப்பில் ஆட்கள் மண்ணை வெட்டி எடுத்தார்கள். இந்தக் கேடயத்தைக் கண்டுபிடித்தவர் மார்க் ப்ருனெல். அவருக்கு குரு யார் தெரியுமா? ஒரு புழு! கப்பல் மரத்தைத் துளைக்கும் புழு, தலையில் இருக்கும் ஓட்டினால் மரத்தை அரித்துக்கொண்டு முன்னேறுவதையும், பின்னால் துவாரத்துக்குப் பூச்சுப் பூசிக்கொண்டே போவதையும் பார்த்து அவருக்கு யோசனை தோன்றியதாம். அப்படித்தான் லண்டன் தேம்ஸ் நதியின் கீழே, கப்பல் போகும் ஆற்றுக்கு அடியில் உலகின் முதல் சுரங்கம் உருவாயிற்று. 1825-ல் தொடங்கிய வேலை 1843-ல்தான் முடிந்தது. நடுவில் பல தடவை நதி உள்ளே புகுந்தது. 1828-ல் ஒரு வெள்ளத்தில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். ப்ருனெலின் மகன் மயிரிழையில் உயிர் தப்பினார்.

மண்ணுக்குள் மறைந்தவர்கள்

இந்த மாதிரி அதிசயங்களைப் பற்றி எழுதும்போது என்ஜினீயர் பெயர் வருகிறது, ஜனாதிபதி பெயர் வருகிறது. மண் சுமந்தவர் பெயர் வருவதில்லை.

நீர் உள்ளே புகாமல் இருக்கச் சுரங்கத்துக்குள் காற்றை அழுத்தமாக அடைத்து வைப்பது அந்தக் காலத்து வழக்கம். அந்த அழுத்தத்தில் வேலை செய்துவிட்டு அவசரமாக வெளியே வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழிகள் உண்டாகும். கை கால் முடங்கும். சிலருக்கு உயிரும் போகும். சோடாப் புட்டியைத் திறந்ததும் குமிழி பொங்குகிறது அல்லவா, அதே சமாசாரம்தான் உடம்புக்குள் நடக்கிறது. அதனால்தான் தொழிலாளர்களை ஓர் அறையில் வைத்து, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வெளியே அனுப்புகிறார்கள்.

இந்த நோயைப் பற்றிப் பேசும்போது ஒரு பெண்மணியை நினைக்காமல் இருக்க முடியாது. நியூயார்க்கின் புகழ்பெற்ற ப்ரூக்ளின் பாலத்துக்கு ஆற்றின் அடியில் அஸ்திவாரம் போட்டபோது, தலைமை என்ஜினீயர் வாஷிங்டன் ரோப்லிங்குக்கு இந்த நோய் வந்தது. படுத்த படுக்கையானார். அவருடைய மனைவி எமிலி, கணவரின் படுக்கைக்கும் வேலைத்தளத்துக்கும் நடுவே வருஷக்கணக்காகப் போய் வந்தார். முதலில் செய்தி கொண்டு போனவர், கணக்கும் கட்டடக் கலையும் தாமே கற்று, உத்தரவு சொல்லும் நிலைக்கு உயர்ந்தார். 1883-ல் பாலம் முடிந்தபோது வண்டியில் முதன்முதலாக அதைக் கடந்து போன கௌரவம் எமிலிக்குத்தான் கிடைத்தது. அடுப்பங்கரைக்கும் அஸ்திவாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு பெயரைச் சொன்னால் போதும்!

மூச்சு விடும் சுரங்கம்

குழாய் போட்டாகிவிட்டது. மோட்டார் ஓடலாமா? அதுதான் இல்லை. கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமையலறையில் ஈர விறகை எரித்தால் என்ன ஆகும்? மோட்டார் புகை விறகுப் புகையைவிடப் பொல்லாதது. அதில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கம் வருவது போல் வந்து ஆளை முடித்துவிடும்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது நியூயார்க்கில் 1927-ல் திறந்த ஹாலண்ட் சுரங்கம். அதைத் தொடங்கிய என்ஜினீயர் ஹாலண்ட் வேலை முடியுமுன்பே, 1924-ல் காலமானார். அவர் பெயரே சுரங்கத்துக்கு நிலைத்தது. சாலைக்குக் கீழே ஒரு வழியாக நல்ல காற்றை அனுப்பி, கூரைக்கு மேலே இன்னொரு வழியாகக் கெட்ட காற்றை உறிஞ்சி எடுக்கும் ஏற்பாட்டை அங்கே செய்தார்கள். டெட்ராய்ட்டிலும் அதே தத்துவம். ஆளுக்கு ஒன்றாக இரு கரையிலும் காற்றுக் கோபுரங்கள் எழுந்தன. ஊர்க்காரர்களுக்கு அது ஏதோ மாடிக் கட்டடம் போலத்தான் தோன்றும். உண்மையில் அது சுரங்கத்தின் மூக்கு!

சிவகாசிக்காரர்களுக்கு இங்கே ஒரு செய்தி. பட்டாசு லாரிக்கு அந்தச் சுரங்கத்தில் அனுமதி கிடையாது. வெடிக்கும் பொருள், தீப்பிடிக்கும் பொருள் எதுவானாலும் வாயிலிலேயே தடுத்துவிடுவார்கள். மூடிய குழாய்க்குள் தீ என்றால் என்ன ஆகும் என்று பட்டாசு வட்டாரத்து மக்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. அப்படிப்பட்ட சரக்கு ஏற்றிய லாரிகளை ஆற்றில் ஒரு பெரிய மிதவையில் ஏற்றி அக்கரை சேர்ப்பதற்கென்றே 1990-லிருந்து 2023 வரை தனிப் படகு ஒன்று ஓடியது. சுரங்கம் இருந்தும் ஓடக்காரருக்கு வேலை இருந்தது, பாருங்கள்!

நம் கரையின் கதை

சரி, டெட்ராய்ட்டை விட்டு ஊருக்குத் திரும்புவோம். 1910-லிருந்து 1985 வரை காரியாபட்டியும் தனுஷ்கோடியும் ஒரே ஜில்லாதான்; ராமநாதபுரம் ஜில்லா. விருதுநகர் தனி மாவட்டமானது 1985-ல். ஆகவே இலங்கைக்குப் போகும் வாசல் ஒரு காலத்தில் இந்த ஊர் ஜில்லாவுக்குள்ளேயே இருந்தது.

அதற்கும் முன்னால் வாசல் தூத்துக்குடி. சென்னையிலிருந்து ரயில், விருதுபட்டி வழியாகத் தூத்துக்குடி போகும். அங்கிருந்து கப்பலில் கொழும்பு. (விருதுபட்டிக்கு விருதுநகர் என்று பெயர் வந்தது 1923-ல்.) 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் காட்சி மாறியது. எழும்பூரில் ரயில் ஏறினால் தனுஷ்கோடித் துறை, அங்கே காத்திருக்கும் நீராவிக் கப்பல், கடலைக் கடந்தால் தலைமன்னார், மறுபடி ரயில், கொழும்பு. சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே டிக்கெட்! அதுதான் ‘போட் மெயில்’. கடலின் மேலேயே ரயில் பாலம் போடலாமா என்ற யோசனையும் அந்தக் காலத்திலேயே எழுந்தது. செலவை நினைத்துக் கைவிட்டு, கப்பலோடு திருப்திப்பட்டார்கள்.

ஜவுளி, கருவாடு, மிளகாய் என்று வியாபாரம் பார்த்தவர்கள் அந்தக் கப்பலில் போனார்கள். அவர்களைவிட அதிகமாகப் போனவர்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போன ஏழை ஜனங்கள். மழை பொய்த்த வருஷங்களில் ராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, திருச்சி ஜில்லாக்களிலிருந்து கங்காணிகளின் பின்னால் குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். மண்டபம் முகாமில் அவர்களை நிறுத்திவைத்து, காலரா, அம்மை இல்லை என்று பரிசோதித்த பிறகே கப்பலில் ஏற்றினார்கள். அக்கரையில் மலைச்சரிவுகளில் கூடை சுமந்து கொழுந்து கிள்ளியவர்கள் பெரும்பாலும் பெண்கள். நீங்களும் நானும் காலையில் குடிக்கும் ‘சிலோன் டீ’யின் மணத்தில் அவர்களுடைய வியர்வையும் கலந்திருந்தது.

1964

ஒரே வருஷத்தில் இரண்டு இடி விழுந்தன.

முதல் இடி காகிதத்தில் விழுந்தது. 1948-ல் இலங்கை கொண்டுவந்த பிரஜா உரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆகிவிட்டார்கள். அவர்கள் கதியைத் தீர்மானிக்க 1964 அக்டோபர் 30-ஆம் தேதி பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு. மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் பாதி பாதியாகப் பங்கு பிரித்தார்கள். தலையை எண்ணினார்களே தவிர, அண்ணன் எந்தக் கணக்கில், தங்கை எந்தக் கணக்கில் என்று யார் கேட்டார்கள்? தாயகம் என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட பலர் அந்தத் தாயகத்தை அதற்குமுன் கண்ணால் பார்த்ததே இல்லை. பாட்டி சொல்லிக் கேட்டதுதான்.

இரண்டாவது இடி கடலிலிருந்து வந்தது. டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடியே போயிற்று. பாம்பனிலிருந்து வந்த பாஸஞ்சர் ரயில், ஊரை நெருங்கும் வேளையில் அலையில் சிக்கியது. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. நட்சத்திரத் தம்பதிகளான ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அந்தச் சமயம் ராமேஸ்வரத்தில் தங்கியிருந்து உயிர் தப்பினார்கள். சின்னாபின்னமான பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் என்ஜினீயர் 46 நாட்களில் செப்பனிட்டார். பின்னாளில் டெல்லி மெட்ரோ ரயிலை அமைத்துப் புகழ் பெற்றவர் அவரேதான். பாலம் பிழைத்தது, தனுஷ்கோடி பிழைக்கவில்லை. ரயில் தடம் மறுபடி அங்கே போகவேயில்லை.

அதன் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் விட்டார்கள். தாயகம் திரும்பியவர்களைச் சுமந்து வந்தது அந்தக் கப்பல்தான். 1980-களின் தொடக்கத்தில் அதுவும் நின்றது. 1983-க்குப் பிறகு யுத்தத்துக்குத் தப்பி வந்தவர்கள் இரவில் சிறு படகுகளில் அதே கடலைக் கடந்து, அதே மண்டபம் முகாமில் வந்து படுத்தார்கள்.

மறுபடி ஒரு யோசனை

ஆனாலும் ஆசை விடுகிறதா? 2015 டிசம்பரில் மத்திய மந்திரி நிதின் கட்கரி, ராமேஸ்வரத்தையும் இலங்கையையும் பாலத்தாலும் சுரங்கத்தாலும் இணைக்கும் திட்டத்தைப் பற்றிப் பார்லிமெண்டில் பேசினார். சுமார் 24,000 கோடி ரூபாய் ஆகும் என்று கணக்குச் சொல்லப்பட்டது. “எங்களிடம் யாரும் அப்படிப் பேசவில்லையே!” என்று இலங்கை மந்திரி மறுத்துவிட்டார். 2023 ஜூலையில் இரு அரசுகளும் வெளியிட்ட கூட்டறிக்கையில் நிலவழி இணைப்புக்குச் சாத்தியமா என்று ஆராய்வதாக ஒரு வாக்கியம் இடம் பெற்றது. ஆராய்ச்சி நடக்கலாம், கடலடியில் ஒரு கூடை மண்கூட இன்னும் எடுக்கவில்லை.

சாத்தியமா? தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர். அந்த மணல்திட்டுகளை ஒட்டிக் கடலின் ஆழம் பெரும்பாலும் சில மீட்டர்தான். இதைவிடக் கடினமானதையெல்லாம் உலகம் செய்து பார்த்துவிட்டது. டென்மார்க்கின் கோபன்ஹேகனையும் ஸ்வீடனின் மால்மோவையும் 2000-ஆம் வருஷத்தில் இணைத்தார்கள். கரையிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் பாலம். நடுக்கடலில் தாங்களே உண்டாக்கிய ஒரு தீவு. அங்கிருந்து நாலு கிலோமீட்டர் சுரங்கம். டெட்ராய்ட்டைப் போலவே குழாய்களை மூழ்கடித்துச் செய்த சுரங்கம்தான். கப்பல் போகும் இடத்தில் சாலை நீருக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. மற்ற இடத்தில் மேலே வருகிறது. நம் கடலுக்கும் இந்த மாதிரிதான் பொருந்தும் என்று தோன்றுகிறது. ஏனென்றால் முப்பது கிலோமீட்டரும் மோட்டார்ச் சுரங்கமாகவே இருந்தால் காற்றோட்டம் பெரும் பாடு. நார்வேயில் 2019-ல் திறந்த நீண்ட கடலடிச் சுரங்கச் சாலையே பதினான்கு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவுதான். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையே 1994-ல் திறந்த ஐம்பது கிலோமீட்டர்ச் சுரங்கத்தில் மோட்டாரை ஓட்டிக்கொண்டு போக முடியாது. ரயிலில் மோட்டாரையும் ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

நம் தேசத்துக்கும் இந்த வித்தை புதிதல்ல. கல்கத்தாவில் ஹூக்ளி நதியின் அடியில் 520 மீட்டர் தூரம் மெட்ரோ ரயில் 2024 மார்ச்சிலிருந்து ஓடுகிறது. நாற்பத்தைந்து விநாடியில் நதியைத் தாண்டிவிடும். கண்ணைக் கொட்டினால் கங்கை போச்சு!

யோசிக்கவேண்டிய வேறு விஷயங்கள் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் பவளப் பாறைகளும் 1986-லிருந்து கடல் தேசியப் பூங்கா. பாக் கடலில் புல் மேயும் கடற்பசுவுக்காக 2022-ல் ஒரு காப்பகத்தை அறிவித்திருக்கிறார்கள். கடலின் அடியைத் தோண்டினால் கலங்கும் சேறு எங்கே போய்ப் படியும்? மீனவர் வலையில் என்ன சிக்கும்? 1964-ஐப் போல் ஒரு புயல் வந்தால்? இவற்றுக்கெல்லாம் பதில் சொல்லாமல் கல் நாட்டக்கூடாது.

சாவி யார் கையில்?

இத்தனை கணக்குகளுக்கும் மேலே இன்னொரு கணக்கு இருக்கிறது. அதையும் டெட்ராய்ட்டே சொல்லிக்கொடுக்கிறது.

விண்ட்ஸரில் குடியிருக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவ ஊழியர்கள் டெட்ராய்ட் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் நர்ஸுகள் ஏராளம். காலையில் குழந்தைக்குத் தலைவாரிவிட்டு, ஆற்றைத் தாண்டி, அந்நிய தேசத்து நோயாளிக்கு மருந்து கொடுத்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவார்கள். 2020 மார்ச்சில் கொரோனா காரணமாக அமெரிக்காவும் கனடாவும் எல்லையை அடைத்தபோது, நர்ஸுகளைப் போல் அவசியமான வேலை பார்ப்பவர்களை மட்டும் விட்டார்கள். மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். விண்ட்ஸரில் பாட்டி, டெட்ராய்ட்டில் பேரன், நடுவே ஒரு மைல் சாலை. அதே ஓட்டுச் சுவர், அதே விளக்கு, அதே காற்றாடி. எல்லாம் இருந்தும் பாட்டி போக முடியவில்லை! அமெரிக்கர்களுக்குக் கனடா கதவைத் திறந்தது 2021 ஆகஸ்டில். கனடாக்காரர்களுக்கு அமெரிக்கா நிலவழியைத் திறந்தது அந்த நவம்பரில்.

ஆகவே, சுரங்கம் என்பது எஃகும் கான்கிரீட்டும் மட்டுமல்ல. இரண்டு முனையிலும் இரண்டு ஜன்னல்கள் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்து பாஸ்போர்ட்டைப் புரட்டுகிறவர் முகம் மலர்ந்தால்தான் சாலை சாலை. அவர் முகம் சுளித்தால் அது வெறும் குழாய்.

நம் கடலிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. 1914-ல் சுரங்கம் இல்லை, பாலமும் இல்லை. ஆனாலும் எழும்பூரிலிருந்து கொழும்புக்கு ஒரே டிக்கெட்டில் போனார்கள். பின்னர் கப்பல் இருந்தது, உரிமை இல்லை. அதற்குப் பின்னர் இரண்டும் இல்லாமல் போயிற்று. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள்; சில நாட்களில் நின்றது; 2024 ஆகஸ்டில் மறுபடி கிளம்பியது. அக்கரையில், யுத்தத்தில் அழிந்த தலைமன்னார் ரயில் பாதையை நம் நாட்டு நிறுவனமே புதிதாகப் போட்டுக் கொடுத்து, 2015 மார்ச்சில் ரயிலும் ஓடத் தொடங்கியது. இக்கரையில் 2017-லிருந்து அரிச்சல்முனை வரை நல்ல தார்ச் சாலை. 2025 ஏப்ரலில் பாம்பனில் புது ரயில் பாலமும் வந்துவிட்டது. இரு பக்கமும் வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டாயிற்று. நடுவில் இருப்பது கடல் மட்டும்தானா என்பதுதான் கேள்வி.

வாசகிகளே, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ, “எங்க சித்தப்பா வகை சிலோன்லே இருந்தாங்க, அப்புறம் தாக்கல் இல்லை” என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்களா? இருந்தால், எந்தத் தோட்டம், எந்த ஊர், என்ன பெயர் என்று இப்போதே கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பழைய கடித உறை இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். கடலடியில் வீதி போட என்ஜினீயர்கள் என்றைக்காவது வருவார்கள். அந்த வீதியில் போய் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அன்றைக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?